நிழலை வெட்டினால் இலை வெளுப்பதேன்?

மாத்தளையில் மிளகும் கொக்கோவும் வெட்டவெளியில் தனித்து நிற்பதைக் காண்பது அரிது. மிளகுக்கொடி கிளிரிசிடியா மரத்தைப் பற்றி அதன் நிழலிலேயே ஏறும். கொக்கோவுக்குத் தலைக்கு மேல் தென்னையோ பலாவோ இருக்கும். இரண்டும் காட்டு நிழலில் பிறந்த சாதி. ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையில், மற்றது அமேசானில்.

அந்த நிழலை ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால், சில நாளில் இலை மஞ்சளித்து, தாள் போல வெளுத்து, கருகத் தொடங்கும். "வெயில்ல கருகிப்போச்சு" என்று தண்ணீர் ஊற்றுவோம். சூட்டுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் வெளுத்த இலை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே இன்னோர் இலை படிந்திருந்த இடம் மட்டும், கோடு கீறியது போல, பச்சையாகவே இருக்கும். அதே வேர், அதே தண்ணீர். ஒளி பட்ட பக்கம்தான் செத்திருக்கிறது.

கொன்றது பச்சையமேதான். ஒளியைப் பிடித்து மாச்சத்து செய்ய அனுப்புவது அதன் வேலை. நிழலில் வளர்ந்த இலையில் அந்த வேலைக்கு ஆள் குறைவு. திடீரென முழு வெயில் விழுந்தால், மிஞ்சிய சக்தி பக்கத்திலிருக்கும் ஒட்சிசனுக்குப் போய்விடுகிறது. சாதுவான ஒட்சிசன் வெறிபிடித்த ஒட்சிசனாகிறது. அதற்கு ஆயுள் மைக்ரோ விநாடிக் கணக்குத்தான். ஆகவே பிறந்த இடத்திலேயே எதையாவது கடிக்கும். பிறந்த இடமோ கொழுப்பாலான மென்சவ்வு.

எல்லாக் கொழுப்பும் ஒன்றல்ல. தேங்காயெண்ணெய் மாதக்கணக்கில் கெடாது. மீனெண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். ஒட்சிசன் பற்றிக்கொள்ளும் இரட்டைப் பிணைப்புகள் முன்னதில் மிகக் குறைவு, பின்னதில் ஏராளம். பச்சையம் தங்கியிருக்கும் பச்சையவுருமணியின் சவ்வு மீனெண்ணெயின் பக்கம்: அதில் பெரும்பங்கு லினோலெனிக் அமிலம், மூலக்கூறு ஒன்றுக்கு 3 இரட்டைப் பிணைப்பு. ஒன்று பழுதானால் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும். சவ்வு ஓட்டையாகிக் கலம் கசியும். உயிருள்ள இலைக்குள்ளேயே எண்ணெய் காறுகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

பரகுவாட் என்ற களைநாசினியை அடித்த அனுபவமுள்ள பழைய விவசாயிகளுக்கு இது புதிதல்ல. நல்ல வெயிலில் அடித்தால் சில மணி நேரத்திலேயே புல் வாடும். இருட்டில் அத்தனை வேகம் இல்லை. அந்த நஞ்சும் ஒளியின் சக்தியை ஒட்சிசன் பக்கம் திருப்பியே சவ்வை அரிக்கிறது. அதைக் குடித்து மாண்டவர்கள் ஏராளம் என்பதால் இலங்கை 2008 முதல் 2011 வரை அதைப் படிப்படியாகத் தடைசெய்தது.

இலை சும்மா இருப்பதில்லை. கரோட்டீனும் விற்றமின் ஈயும் வெறிபிடித்த ஒட்சிசனை அடக்கும். ஆனால் அவற்றைப் போதிய அளவு சேர்க்க நாட்கள் வேண்டும். நாற்றுமேடையில் பந்தலைச் சிறிது சிறிதாகத் திறந்து கன்றை வன்மைப்படுத்துவது அந்த அவகாசத்துக்காகத்தான். மாசி, பங்குனி வறட்சியில் இலைவாய் மூடி, காபனீரொட்சைட்டு உள்ளே வராது. வழக்கமான வெயிலே அப்போது மிகையாகிவிடும். கிளிரிசிடியாவைக் கழிப்பதற்கு மழை தொடங்கும்வரை பொறுத்திருப்பது நல்லது.

வெளுத்த இடம் மறுபடி பச்சை பிடிக்காது. அதற்கு மேலே வெயிலில் விரிந்த புது இலையைத் தடவிப் பாருங்கள். கொஞ்சம் தடிப்பாக இருக்கும்.