கல்லீரலின் தழும்பும் வளர்ச்சிக் காரணிகளும்

சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றின் குறுக்கே அமைந்துள்ள அணைக்கட்டினை நம் வாசகர் பலர் கண்டிருப்பர். ஆற்று நீர் அங்குத் தேங்கி, வாய்க்கால்களாற் பிரிந்து வயல்களை ஊட்டுகின்றது. வாய்க்காற்கரை உடைப்பெடுப்பின் ஊரார் திரண்டு மண் கொட்டி அடைப்பர். உடைப்பு அடைபட்ட பின்னும் அவர் மண் கொட்டுதலை நிறுத்தாராயின், வாய்க்காலே தூர்ந்துபோம். நீர் இருந்தும் பயிர் வாடும். கல்லீரலில் தழும்பு உண்டாகும் வகையும் இத்தகையதே. அதனை யாம் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

குடலினின்று வரும் குருதி, கல்லீரலின் நுண்ணிய நாளங்கள் வழியே பரவுகின்றது. அந்நாளங்களின் ஓரத்தே விண்மீன் வடிவினவாய அணுக்கள் சில உள. 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் குப்பர் இவ்வணுக்களைக் குறித்து எழுதினார். வைட்டமின் 'ஏ' சத்தைச் சேமித்து வாளாவிருத்தல் இவற்றின் இயல்பு.

மதுவாலோ, காமாலைக் கிருமிகளாலோ, மிகுந்த கொழுப்பாலோ ஈரலணுக்கள் புண்படுங்கால், அண்டையிலுள்ள அணுக்கள் 'வளர்ச்சிக் காரணிகள்' என்னும் புரதங்களை வெளிவிடுகின்றன. அவை ஓரணு மற்றோரணுவிற்கு விடுக்கும் ஓலை போல்வன. 'பி.டி.ஜி.எப்.' என்னுங் காரணி விண்மீன் அணுக்களைப் பெருகச் செய்யும், 'டி.ஜி.எப். பீட்டா' அவற்றைக் கொலாஜன் நார் சுரக்கத் தூண்டும். அந்நாரே தழும்பாவது. புண் சிறிதாயின் நார் பின்னர்க் கரையும். புண் ஆண்டுக்கணக்கில் தொடரின் ஓலையும் ஓயாது. நார் மண்டிக் குருதி வழி அடைபட, ஈரல் இறுகும். 1819-இல் பிரெஞ்சு வைத்தியர் லென்னெக் இந்நோய்க்குச் 'சிரோசிஸ்' எனப் பெயரிட்டார்.

அங்ஙனமாயின் இக்காரணிகளை முற்றும் அடக்கிவிடலாகாதோ எனின், ஆகாது. டி.ஜி.எப். பீட்டாவே உடலின் அழற்சியைத் தணிப்பதும் ஆம். 'எச்.ஜி.எப்.' என்னும் பிறிதொரு காரணியோ, குறைபட்ட ஈரலை மீள வளர்ப்பது. 1998-ஆம் ஆண்டில் தில்லியில், பித்தநாள அடைப்பால் ஈரல் கெட்ட காஞ்சிபுரத்துக் குழந்தையொன்றிற்குத் தந்தையின் ஈரலில் ஒரு பகுதி பொருத்தப்பட்டது. இந்தியாவில் ஒரு குழந்தைக்கு வெற்றியுற நிகழ்ந்த முதல் ஈரல் மாற்றம் அதுவே. இத்தகைய சிகிச்சையிற் கொடுத்தவர் ஈரலும் கொண்டவர் ஈரலும் வளர்ந்து நிரம்புதல் வளர்ச்சிக் காரணிகளின் துணையாலேயாம்.

ஆதலின், ஓலையைக் கிழிப்பதினும் அதனை விடுக்கச் செய்யும் புண்ணை ஆற்றுதலே தக்க நெறி. 'பி' வகைக் காமாலைக் கிருமியை மருந்தினாற் பல்லாண்டு அடக்கியவர் பலரிடத்து, இறுகிய ஈரலின் தழும்பும் குறைந்தமை அறியப்பட்டுள்ளது. 'சி' வகைக் கிருமியைப் பெரும்பாலோரிடத்துச் சில மாத மருந்தால் ஒழித்தல் இயலும். 'பி' வகை வாராமற் காக்கத் தடுப்பூசியும் உண்டு.

எனினும் தழும்பு வளருங்கால் நோவு தோன்றுவதில்லை. வயிறு வீங்கிய பின்னரே பலர் வைத்தியரை நாடுகின்றனர். நோவு வரட்டும் என்று காத்திராது, குருதிச் சோதனையால் முன்னரே அறிந்துகொள்ளுதல் நம் கடன். மது அருந்துவோர் இன்றே அதனை விடின், ஈரல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளக் காலம் பெறும்.