முட்டிடிச்சான் தேரியும் முன்னால் நடப்பவரும்

மார்கழிக் கடைசியில் பாபநாசம் அகஸ்தியர் அருவியில் தலையைக் கொடுத்தவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும். முதலில் மூச்சு அடைக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டால் வெளியே வர மனம் வராது. பொதிகை மலையில் பூங்குளத்தில் பிறந்து, பாணதீர்த்தமாகக் காரையார் அணைக்குள் விழுந்து, கல்யாண தீர்த்தம் தாண்டி வருகிற தண்ணீர் அது. வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கும். அருவியில் நீர் நிறைந்திருக்க, மேலே காட்டுப்பாதை மெல்லக் காயத் தொடங்கும். பொதிகை ஏறுகிறவர்கள் தை, மாசிக்காகக் காத்திருப்பது இதனால்தான்.

இதே மாதங்களில் பின்லாந்தின் வடக்கிலும் ஓர் அருவி நடை நடக்கிறது. லாப்லாந்தில், ரோவனியெமி நகரிலிருந்து வண்டியில் போகும் தூரத்தில் கொரோவோமா என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் பாறைச் சுவர்களில் கசிகிற நீர், விழுவதற்குள் உறைந்து, படலத்தின் மேல் படலமாக ஏறி, 60 மீட்டர் வரை உயர்ந்த பனித்தூண்களாக நிற்கும். ஒரு தூணில் மண்ணின் நிறம் ஏறியிருப்பதால் அதற்குப் ‘பழுப்பு ஆறு’ என்றே பெயர். வழிகாட்டிகள் ஆட்களின் காலணிக்கு அடியில் இரும்பு முள் மாட்டி, பனிக்காட்டுக்குள் கூட்டிப்போகிறார்கள்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். லடாக்கில் சன்ஸ்கர் ஆறு ஜனவரி, பிப்ரவரியில் உறைந்து, ஆறே பாதையாகிவிடும். விரிப்பு என்ற பொருளில் அதைச் ‘சாதர்’ என்கிறார்கள். நடைப்பயணிகளில் பலருக்கு நேரக் என்ற ஊரருகே உறைந்து நிற்கும் அருவிதான் எல்லை. அங்கே முன்னால் போகிற சன்ஸ்கர்க்காரர் கையில் ஒரு கோல் இருக்கும். அதைக் கொண்டு பனியைத் தட்டிப் பார்ப்பார். கெட்டியான பனியின் சத்தம் வேறு, அடியில் நீர் ஓடும் பனியின் சத்தம் வேறு. அந்த வித்தியாசம் அவர் காதுக்குத்தான் தெரியும். பின்னால் வருகிறவர்கள் அவரை நம்பி நடக்கிறார்கள்.

நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை வடக்கேகூட இல்லாத பொதிகையில் அருவி உறையாது. ஆனால் கோல் பிடித்து முன்னால் நடப்பவர் இங்கேயும் உண்டு. அவர் இந்த மலையின் பழங்குடியான காணிக்காரர்.

பொதிகை என்கிற அகஸ்தியமலையின் உச்சி 1,868 மீட்டர். தமிழகமும் கேரளமும் சந்திக்கும் எல்லை அது. முன்பெல்லாம் நெல்லைப் பக்கத்து ஆட்கள் காரையார் அணையில் படகேறி, பாணதீர்த்தம், இஞ்சிக்குழி, கன்னிகட்டி, பூங்குளம் வழியாக உச்சிக்குப் போய்வந்தார்கள். தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறை 1988-இல் அமைந்தது. அந்தக் காட்டுக்குள் போகும் பழைய வழி இப்போது பொதுமக்களுக்கு இல்லை. சொந்த மலைக்குச் சொந்த ஊரிலிருந்து போக முடியவில்லையே என்ற ஆதங்கம் அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் ஆட்களுக்கு உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனாலும் மூன்று மாவட்டங்கள் நம்பியிருக்கும் ஆற்றின் ஊற்றுக்கண் அது. அங்கே கால் தடம் குறைவாக இருப்பதே ஆற்றுக்கு நல்லது.

ஆகவே இன்று பொதிகை ஏற விரும்பும் நெல்லைக்காரர் திருவனந்தபுரம் சுற்றித்தான் போகவேண்டும். மகரவிளக்கு முடிந்ததும் கேரள வனத்துறை முன்பதிவு செய்தவர்களை நாளுக்கு இத்தனை பேர் என்று போனக்காட்டிலிருந்து அனுப்புகிறது. மூன்று நாள் நடை. முதல் நாள் கரமனையாறு, வாழைப்பைந்தியாறு, அட்டையாறு என்று ஓடைகளைத் தாண்டி அதிருமலை முகாமுக்குப் போய்ச் சேரவேண்டும். அட்டையாறு என்ற பெயரை அட்டைகள் வழிநெடுகக் காப்பாற்றித் தருகின்றன. முகாமைச் சுற்றி யானை வராமலிருக்க அகழி வெட்டியிருக்கிறார்கள். ஏற்றம் கடுமையாகும் இடத்துக்கு முட்டிடிச்சான் தேரி என்று பெயர். நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்குத் தேரி என்றால் செம்மணல் மேடு. இங்கே அது செங்குத்தான சரிவு. ஏறும்போது முழங்கால் முகவாயில் வந்து இடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். மறுநாள் பொங்கலப்பாறையைத் தாண்டி, கடைசிப் பாறைகளைக் கயிறு பிடித்து ஏறினால் உச்சியில் அகஸ்தியர் சிலை.

இந்த உச்சிக்கு நீண்டகாலம் பெண்களுக்கு அனுமதி இல்லை. கேரள உயர் நீதிமன்றம் 2018 நவம்பரில் அந்தத் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத் துறை அதிகாரி தன்யா சனல் ஏறிக்காட்டினார். இது தங்கள் மரபுக்கு எதிரானது என்று காணிக்காரர்கள் அன்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மலை அவர்களுக்குக் கோயில். திருவாங்கூர் வானாய்வகத்தை நடத்திய ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் புரூன் 1855-இல் அதே மலையில் காந்தப்புலத்தையும் வானிலையையும் அளக்க ஒரு நிலையம் அமைத்தார் என்பது இன்று ஏறுகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

மலையின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இப்படியொரு நடையின் நடுவில்தான் நிகழ்ந்தது. 1987 டிசம்பரில் பழங்குடியினரின் தாவர அறிவை ஆராயும் தேசியத் திட்டத்தின் விஞ்ஞானிகள் சிலர், புஷ்பாங்கதன் தலைமையில் இந்தக் காட்டுக்குள் ஏறினார்கள். வழிகாட்ட வந்தவர்கள் காணி இளைஞர்கள். விஞ்ஞானிகள் களைத்து உட்கார்ந்துவிட, அவர்களோ சோர்வே இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். இடையிடையே ஏதோ சிறு காய்களை வாயில் போட்டு மென்றார்கள். கேட்டபோது கொஞ்சம் தந்தார்கள். தின்றவர்களுக்கும் தெம்பு வந்தது. எந்தச் செடி என்று கேட்டதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. வெளியாளுக்குச் சொல்லக் கூடாத சேதி அது. நெடுநேரம் பேசிய பிறகே காட்டினார்கள். தரையோடு வளரும் அந்தச் சிறு செடிதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதை வைத்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்ய பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. கட்டணம் 10 லட்ச ரூபாய், விற்பனையில் 2 சதவீதப் பங்கு. அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவானது. பணத்தைப் பெற 1997-இல் அவர்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலக அரங்குகளில் இது பேசப்பட்டது. பேசப்படவேண்டியதும்தான்.

ஆனால் கதை அத்தோடு சுகமாக முடிந்துவிடவில்லை. மருத்துவமும் சடங்கும் அறிந்த பிலாத்திகள் சிலர், தங்கள் அறிவை யாரைக் கேட்டு வெளியே கொடுத்தீர்கள் என்று எதிர்த்தார்கள். செடியைப் பயிரிடுவதிலும் வனத்துறை விதிகள் குறுக்கே நின்றன. காட்டில் வாழ்கிறவர் காட்டுச் செடியை வளர்த்து விற்க இவ்வளவு இடர்ப்பட்டிருக்க வேண்டியதில்லை.

தமிழகப் பக்கத்தில் இஞ்சிக்குழி, சேர்வலாறு, மயிலாறு என்று காணிக் குடியிருப்புகள் இன்றும் இருக்கின்றன. இஞ்சிக்குழி மக்களுக்கு மளிகை வாங்கப் போவதென்றாலும் காட்டு நடையும் அணைத் தண்ணீரும்தான் வழி. பயணிகள் வருடத்தில் ஒருமுறை செய்யும் சாகசம் அவர்களுக்கு அன்றாடம். நோய் கண்டால் சாற்றுப்பாட்டுப் பாடுவார்கள். கொக்கரை என்ற இரும்புக் கருவியை உரசி எழுப்பும் ஒலி அந்தப் பாட்டோடு சேர்ந்து வரும்.

உச்சியில் மேகம் எப்போது விலகும் என்று சொல்ல முடியாது. விலகும்போது கிழக்கே, மலை மடிப்புகளுக்குக் கீழே, காரையார் அணையின் நீர்ப்பரப்பு தகடுபோலத் தெரியும். இரண்டு நாள் சுற்றி வந்த நெல்லைக்காரர் அதைப் பார்த்ததும் கையை நீட்டி ஊர் இருக்கும் திசையைத் தேடுவார். அதற்குள் காற்று திரும்பி மேகம் மூடும். வழிகாட்டி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இறங்கலாம் என்பார். ஈரப்பாறையில் அவர் கால் வைத்த இடத்தைப் பார்த்து, அதே இடத்தில் காலை வைத்துப் பின்னால் இருப்பவர்கள் இறங்குவார்கள்.