மீட்டர் போர்டில் ஒரு வளைய விரிசல்

சாணார்பட்டி வழியாக நத்தத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே மாங்காயும் காய்கறியும் ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டிகளிலும், அவற்றை முந்திச் செல்லும் இருசக்கர வாகனங்களிலும், வேகத்தையும் எரிபொருள் அளவையும் ஓடிய கிலோமீட்டரையும் எண்களாகக் காட்டும் சிறு திரை இன்று வழக்கமாகிவிட்டது. காலையில் ஒழுங்காகத் தெரிந்த எண்கள் வெயில் ஏறியதும் மறைந்து, வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போது மீண்டும் தோன்றுமானால், கோளாறு திரையில் இருப்பதைவிட அதன் பின்னுள்ள சர்க்யூட் போர்டின் ஈயப் பற்றில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். பழுதுநீக்குவோர் இதனை ‘டிரை சால்டர்’ என்பர். உறுப்பின் காலுக்கும் போர்டிலுள்ள செப்புத் தடத்துக்கும் இடையே ஈயம் இருந்தும் பிடிப்பு அற்றுப்போன நிலை அது.

இந்தப் பற்று ஏன் விட்டுப்போகிறது என்பதற்கான விடை, ஈயக் கலவையின் விந்தையான இயல்பில் இருக்கிறது. வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்த பழைய கலவை 183 டிகிரி செல்சியசில் உருகுகிறது. வெப்பத்தைத் தனிச்சுழி நிலையிலிருந்து, அதாவது மைனஸ் 273 டிகிரியிலிருந்து, கணக்கிட்டால் அந்த உருகுநிலை 456 கெல்வின். 25 டிகிரி அறை வெப்பமோ 298 கெல்வின். ஆகவே கையில் எடுத்தால் குளிர்ந்திருக்கும் ஈயத்துளி, தன் உருகுநிலையின் மூன்றில் இரண்டு பங்கு வெப்பத்தை எப்போதும் தாங்கிக்கொண்டே இருக்கிறது. 1538 டிகிரியில் உருகும் இரும்பு இதே விகிதத்தை எட்ட வேண்டுமானால் அதனை ஏறக்குறைய 900 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். திண்டுக்கல் பூட்டுப் பட்டறையின் உலையில் செக்கச் சிவந்து கிடக்கும் இரும்பு எவ்வளவு இளகியிருக்குமோ, அந்த அளவு இளக்கத்தில்தான் ஈயம் அன்றாடம் வேலை செய்கிறது. சுமை நீடித்தால் அது மெல்ல நகர்ந்து உருமாறும் என்பதால், வைகாசி வெயிலில் நிறுத்தப்பட்ட வண்டியின் மீட்டர் பெட்டி பகலில் சூடாகி இரவில் ஆறும்போதெல்லாம், கண்ணாடி இழையாலான போர்டு ஓர் அளவிலும் உறுப்பின் உலோகக் கால் வேறோர் அளவிலும் விரிந்து சுருங்க, அந்த இழுபறி முழுவதும் நடுவிலுள்ள ஈயத்தின்மேல் விழுகிறது. மேடுபள்ளச் சாலையின் அதிர்வும் சேர்ந்துகொள்ள, நாளடைவில் காலைச் சுற்றி மயிரிழை போன்ற வட்ட விரிசல் உண்டாகிறது. கனமான கனெக்டர், மின்னழுத்தத்தை நிலைப்படுத்தும் சூடான ரெகுலேட்டர், காயில் ஆகியவற்றின் கால்களையே இது முதலில் தாக்குகிறது.

விரிசலைக் காண்பதே இத்தொழிலின் அரிய பகுதி. பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு மீட்டரைத் திறந்து, பூதக்கண்ணாடியின் கீழ் போர்டைச் சாய்த்துப் பிடித்து, பக்கவாட்டு ஒளியில் ஒவ்வொரு காலாகப் பார்க்க வேண்டும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்தபின் பிளக்ஸ் தடவுவர். செம்பின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை அகற்றி ஈயம் பரவி ஒட்ட வழிசெய்வது இதுவே. பின்னர் ஏறத்தாழ 350 டிகிரியில் உள்ள சால்டரிங் அயர்னின் முனையைக் காலிலும் தடத்திலும் ஒருசேர இரண்டு மூன்று விநாடி வைத்துப் புது ஈயம் ஊட்டுவர். அதற்குமேல் நீடித்தால் செப்புத் தடம் போர்டிலிருந்து பெயர்ந்துவிடும்; குறைந்தால் ஈயம் மேலே உருண்டு நிற்குமேயன்றிப் பிடிக்காது. 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியதை அடுத்து உலகெங்கும் பரவிய காரீயமில்லாக் கலவைகள் 217 டிகிரியை ஒட்டி உருகுவதால், அவற்றுக்குச் சூடு சற்றுக் கூடுதலாக வேண்டும்.

எண்ணின் ஒரு கோடு மட்டும் தெரியாமற்போவது வேறு வகைக் கோளாறு. திரைக்கண்ணாடியைப் போர்டுடன் இணைக்கும் மின்கடத்து ரப்பர் பட்டை அழுக்கேறியதால் அது நேரலாம். அதற்கு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைப்பதே போதும். கண்ணாடி உடைந்து கருமை பரவியிருந்தால் திரையை மாற்றாமல் வழியில்லை.

சில மில்லிகிராம் ஈயத்தால் தீரும் பழுதுக்கு மீட்டர் முழுவதையும் தூக்கி எறிந்து புதிது மாட்டுவது இன்று பரவலாக நடப்பது வருந்தத்தக்கது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கென அமைத்த குழு, வாகனங்களையும் வேளாண் கருவிகளையும் தன் கவனத்துக்குரிய துறைகளில் சேர்த்தது. எனினும் சர்க்யூட் வரைபடம் சிற்றூர்ப் பட்டறைக்கு எளிதில் கிடைக்காதவரை, ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பிரிவு பயின்ற இளைஞரும் ஊகத்தாலேயே தடம் தேட வேண்டியிருக்கிறது. பழைய போர்டைக் காப்பதில் உரிமையாளருக்கு நேரடிப் பயன் ஒன்றும் உண்டு: ஓடிய கிலோமீட்டர்க் கணக்கு பெரும்பாலும் அதே போர்டின் நினைவகச் சில்லில் பதிந்திருப்பதால், காலுக்குப் புது ஈயம் வைத்து மூடிய மீட்டர், விட்ட எண்ணிலிருந்தே தொடர்ந்து எண்ணும்.