குட்டி யானைக்கு ஒரு கூடுதல் சுவிட்ச்

புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனையோ சரக்கு இருட்டில்தான் நகர்கிறது. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் ஐஸ் போட்டு ஏற்றும் மீன், விடியும் நேரத்துக்குக் கீரமங்கலம் கமிஷன் கடைக்கு வந்தாக வேண்டிய பூ, வடகாடு, மாங்காடு பக்கத்துப் பலாப்பழம், பொங்கலையொட்டி வாடிவாசலுக்குப் போகும் காளைகள். ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு வழக்கமாக நடக்கிற தச்சங்குறிச்சிக்குக் காளை கொண்டுவருகிறவர்கள் ராத்திரியே கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரமுடியும். இவற்றையெல்லாம் சுமப்பவை சின்னச் சரக்கு வண்டிகள். 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது இரண்டே சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். தமிழ்நாடு அதற்குக் குட்டி யானை என்று பெயர் வைத்துவிட்டது. 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தது. கனமான லோடு என்றால் மகிந்திராவின் பிக்கப்.

இந்த வண்டிகளில் கம்பெனி கொடுத்த வெளிச்சம் போதவில்லை என்று ஓட்டுநர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மணமேல்குடி தாண்டி மீமிசல் வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஊர் எல்லை முடிந்தால் ஒரே இருட்டு. மாடு ரோட்டிலேயே படுத்திருக்கும். பின்பாடியிலோ விளக்கு என்ற பேச்சே இல்லை. செல்போனை வாயில் கவ்விக்கொண்டு மீன் பெட்டியை எண்ணி இறக்குகிறார்கள். ஆகவே பம்பரில் ஒரு ஜோடி, கேபின் மேல் ஒரு எல்.இ.டி. பார், தார்ப்பாய்க்குள் ஒரு விளக்கு என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள்.

எந்த விளக்கு வாங்குவது, எத்தனை வாட் என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். சுவிட்ச் எங்கிருந்து மின்சாரம் எடுக்கிறது என்று கேட்பவர் குறைவு. ராத்திரி முழுக்கப் பேட்டரி இறங்காமல் இருக்குமா, எதிரே வருகிறவர் கண் கூசாமல் கடந்து போவாரா, போனட்டுக்குள் புகை கிளம்பாமல் இருக்குமா என்பதெல்லாம் அந்த ஒரு கம்பியைப் பொறுத்தது.

முதலில் கொஞ்சம் கணக்கு. 55 வாட் ஹாலஜன் விளக்கு இரண்டு போட்டால் 110 வாட். 12 வோல்ட் பேட்டரியில் இதற்குச் சுமார் 9 ஆம்பியர் வேண்டும். வீட்டில் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் எடுக்கும் சாமான் 2000 வாட் கீசர். வோல்ட் குறைவு என்பதால் வண்டி மின்சாரத்தைச் சாதாரணமாக நினைத்துவிடுகிறோம். தொட்டால் ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் கம்பியைச் சூடேற்றுவது ஆம்பியர். விளக்கு போடும் முதல் கணத்தில் இழை குளிர்ந்திருப்பதால், சில மில்லி நொடிகளுக்கு வழக்கத்தைப் போல் பத்து மடங்கு வரை மின்சாரம் பாயும். இத்தனையும் ஒரு சின்ன சுவிட்சின் உள்ளே, இரண்டு உலோகப் பொட்டுகள் தொடும் இடத்தில் நடக்கிறது. பொறி பட்டுப் பட்டு அந்த இடம் கருகும். அங்கே ஓம் கணக்கில் பத்தில் ஒரு பங்கு தடை சேர்ந்தால் போதும், 9 ஆம்பியருக்கு 8 வாட் சூடு ஆணித்தலை அளவு இடத்தில் தேங்கும். டேஷ்போர்டில் உருகி நெளிந்த சுவிட்சுகளுக்கு இதுதான் காரணம்.

இன்னொரு நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்கு வந்து, திரும்ப முன்பக்கம் போய் விளக்கைச் சேர 5 மீட்டர் கம்பியாவது ஆகும். அது 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பி என்றால், வழியிலேயே ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் தொலைந்துவிடும். ஹாலஜன் விளக்கில் வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிட வேகமாக இறங்கும். இந்த ஒன்றரை வோல்ட் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் தின்றுவிடும். “55 வாட் போட்டும் மங்கலாத்தான் இருக்கு, 100 வாட் போடலாம்” என்று அடுத்த தடவை ஓட்டுநர் கேட்பார். கோளாறு பல்பில் இல்லை. பெரிய பல்பு போட்டால் அதே கம்பி இன்னும் சுடும்.

இதற்கு வழி ரிலே. கடையில் கேட்டால் தீப்பெட்டியை விடச் சின்னதாக, நாலு கால் உள்ள கருப்பு டப்பா ஒன்றைக் கொடுப்பார்கள். புதுக்கோட்டைச் சீமையின் பழைய குளங்களில் குமிழித் தூம்பு பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல் துளையை அடைத்திருக்கும் மூடியை ஒரே ஆள் தூக்கினால் ஊர் வயலுக்குத் தண்ணீர் பாயும். தண்ணீரின் பாரத்தை அவர் கை சுமப்பதில்லை. ரிலேயும் அப்படித்தான். உள்ளே ஒரு கம்பிச்சுருள். அதற்கு வேண்டியது 0.15 ஆம்பியர் அளவுதான். அந்தச் சிறு மின்சாரம் சுருளைக் காந்தமாக்கும்; காந்தம் ஒரு தகட்டை டக்கென்று இழுக்கும்; தகடு பெரிய மின்சாரத்தின் வழியைச் சேர்த்துவிடும். 9 ஆம்பியர் பேட்டரியிலிருந்து நேரே விளக்குக்குப் போகிறது, டேஷ்போர்டு பக்கம் வருவதேயில்லை. 1835-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி செய்து காட்டிய உத்தி இது. நெடுந்தூரத் தந்திக் கம்பியில் வலுவிழந்து வந்த சமிக்ஞைக்குப் புது பலம் கொடுத்து அனுப்பியதும் இதே உத்திதான்.

ரிலேயின் அடியைத் திருப்பிப் பார்த்தால் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும். ஜெர்மன் தர நிர்ணயத்தில் பிறந்த இந்த எண்கள் பெரும்பாலான ரிலேக்களில் ஒன்றே என்பதால் எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் அதிகக் குழப்பமில்லை. 30-க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த கம்பி. 87-லிருந்து விளக்குக்கு. 85 எர்த். மிச்சமிருக்கும் 86-க்கு டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து மெல்லிய கம்பி வரும்.

அந்தச் சுவிட்சுக்கு மின்சாரம் எங்கிருந்து கொடுப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். பேட்டரியிலிருந்து நேரே கொடுத்தால் சாவி இல்லாமலும் விளக்கு எரியும். வேலை சுலபம், அதனால் பல கடைகளில் இப்படியே செய்துவிடுகிறார்கள். 50 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வைத்துக்கொண்டால், அணைக்க மறந்த இரண்டு ஹாலஜன் விளக்குகள் மூன்று மணி நேரத்தில் பாதிக்கு மேல் இறக்கிவிடும். மிச்சமிருப்பதை வைத்து டீசல் எஞ்சினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் திணறும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியிலிருந்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

முன்பக்க விளக்குக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு, அதுவே சரியான வழி. ஹெட்லைட்டின் பிரைட் இழைக்குப் போகும் கம்பியிலிருந்து எடுத்து, சுவிட்ச் வழியாக 86-க்குக் கொடுப்பது. எதிரே வண்டி வந்து ஓட்டுநர் டிம் அடித்த நொடியில் கூடுதல் விளக்கும் தானே அணைந்துவிடும். இன்னொரு சுவிட்சைத் தேடிக் கை அலைய வேண்டாம், மறந்துபோகவும் வழியில்லை. சில வண்டிகளில் ஹெட்லைட்டை எர்த் பக்கமாகச் சேர்த்துப் பிரிப்பார்கள் என்பதால் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கம்பியில் கை வைக்க வேண்டும். 2020-க்குப் பிந்தைய பி.எஸ்.6 வண்டிகளில் இன்னும் கவனம் தேவை. விளக்குக் கம்பியைக் கம்ப்யூட்டர் கண்காணிக்கும் மாடல் என்றால் கம்பெனி சர்வீஸில் கேட்காமல் அறுக்கக் கூடாது.

சட்டம் இதில் கறாரானது. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவு தடுக்கிறது. 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111-வது, பதிவு அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்தக் கூடாது என்கிறது. 106-வது விதி இன்னும் நுணுக்கமானது: விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி, அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூசக் கூடாது. எதிரே பைக்கில் வருகிறவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும். கேபின் மேல் பொருத்திய எல்.இ.டி. பாரை எப்படிச் சாய்த்தாலும் இந்த விதிக்குள் அடக்குவது கடினம். அந்தப் பாரைக் கழற்றிவிடுங்கள் என்றே நான் சொல்வேன். வெளிச்சம் போதவில்லை என்றால் மங்கிப்போன ஹெட்லைட் கண்ணாடியை மாற்றி, கம்பெனி ஹெட்லைட்டுக்கே ரிலே போட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

மிச்சமாகும் பணத்தைப் பின்பாடிக்குச் செலவழிக்கலாம். மீனையும் பூவையும் கையாளுகிறவர்களுக்கு வெளிச்சம் உண்மையில் வேண்டியது அங்கேதான். 18 வாட் எல்.இ.டி. ஒன்று போதும், ஒன்றரை ஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் ஓடும் வண்டியின் பின்னால் வெள்ளை வெளிச்சம் தெரிந்தால், பின்னால் வருகிறவர் எதிரே வண்டி வருகிறது என்று தடுமாறுவார். நிறுத்தியபோது மட்டும் எரிய வைக்க அருமையான உத்தி ஒன்று இருக்கிறது. ஹேண்ட்பிரேக் இழுத்தால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிற வண்டிகளில், பெரும்பாலும் ஹேண்ட்பிரேக்கின் அடியிலுள்ள சின்ன சுவிட்ச் ஒரு கம்பியை எர்த்தோடு சேர்க்கிறது. ரிலேயின் 85-ஐ நேரே எர்த்தில் முடுக்காமல், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றின் வழியாக அந்தக் கம்பியில் கொடுத்துவிட்டால், ஹேண்ட்பிரேக் போட்டால்தான் லோடு விளக்கு எரியும். எடுத்துவிட்டுக் கிளம்பினால் அணைந்துவிடும். டையோடு இல்லாவிட்டால் மின்சாரம் பின்வழியாகப் போய் டேஷ்போர்டு விளக்கை மினுக்கும். காளை ஏற்றும் வண்டியில் இந்த விளக்கு தரையைப் பார்த்து, மங்கலாக இருப்பது நல்லது. கண்ணில் அடிக்கும் வெளிச்சத்துக்கு மாடு மிரளும்.

சுவிட்சை டேஷ்போர்டில் கம்பெனியே விட்டுவைத்திருக்கும் வெற்று மூடியைக் கழற்றி அங்கே பொருத்தலாம். துளை போட வேண்டாம். மூன்று கால் உள்ள, உள்ளே சிவப்பு ஒளி தெரியும் சுவிட்ச் வாங்கினால் மூன்றாவது கால் அந்த ஒளிக்கான எர்த். பெரும்பாலும் பித்தளை நிறத்தில் இருக்கும். அதையும் வெளியே போகும் காலையும் மாற்றிக் கொடுத்துவிட்டால், சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போய்விடும்.

ஃபியூஸ் போவது நல்ல செய்தி, அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அது காப்பது கம்பியை. விளக்கைக் காப்பது அதன் வேலை இல்லை. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டைக் கடக்கும் இடத்தில் ரப்பர் புஷ் போடாவிட்டால், வண்டி அதிர அதிரத் தகட்டின் விளிம்பு கம்பியின் தோலை அறுத்துவிடும். செம்பு தகட்டைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கொட்டும். ஆகவே ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்; விளக்குப் பக்கத்தில் போட்டால் நடுவிலுள்ள கம்பிக்குக் காவல் இல்லை. 9 ஆம்பியர் விளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியும் நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸும் பொருத்தம். பச்சை 30 ஆம்பியரைச் சொருகி “இனிமே போகாது” என்று சொல்கிற கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எல்.இ.டி. குறைவாக எடுக்கிறது என்பதற்காக ஃபியூஸை விட்டுவிடவும் கூடாது. விலை குறைந்த எல்.இ.டி. போட்டதும் எஃப்.எம். ரேடியோ இரைந்தால், விளக்கினுள் இருக்கும் மின்சுற்றின் இரைச்சல் அது. விளக்குக் கம்பியை ஏரியல் கம்பியிலிருந்து விலக்கிக் கட்டிப் பார்க்கலாம்.

விளக்கு எரியாமல் போனால் சுவிட்சைப் போட்டுவிட்டு ரிலேயின் மேல் விரல் வையுங்கள். டக் என்று சத்தம் வந்தால் சுவிட்ச், சுருள், 86-க்கு வரும் கம்பி எல்லாம் சரி. கோளாறு ஃபியூஸ், பல்பு, தடித்த கம்பி அல்லது விளக்கின் எர்த்தில். சத்தம் இல்லாவிட்டால் சுவிட்ச் பக்கம் தேட வேண்டும். கடலோர வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டியது எர்த். உப்புக் காற்றும் ஐஸ் தண்ணீரும் சேர்ந்து, பெயிண்டைச் சுரண்டி முடுக்கிய இடத்தில் துரு ஏற்றிவிடும். விளக்கு மினுமினுக்கும், பல்பை மாற்றினாலும் சரியாகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் 61 நாள். லோடு குறைந்திருக்கும் அந்தச் சமயத்தில் எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் தடவிவிட்டால் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டிவிடும்.