கொல்லைப்புறத்தில் ஒரு சமையற்கட்டு

நாகபுரியில் சொந்த வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்ட நம்மவர் பலருக்கும் வீட்டின் பின்புறம் ஒரு சமையற்கட்டு போட ஆசை இருக்கிறது. நியாயமான ஆசைதான். பொங்கலுக்குப் பானை வைக்க, தீபாவளிக்கு முறுக்கு பிழிய, சீமந்தம், சிராத்தம் என்று நாற்பது இலை விழும் நாட்களில் சமைக்க, உள்ளே இருக்கும் எட்டடிச் சமையலறை போதாது. மே மாதத்தில் வெளியே 45 டிகிரி கொளுத்தும்போது உள்ளே அடுப்பும் எரிந்தால், அந்தச் சூடு இரவு வரை வீட்டை விட்டுப் போகாது. அடுப்படியில் நிற்பவர்களின் பாடு சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இப்படிக் கட்டியவற்றில் சில, இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் தளம் வெடித்து, புகை வீட்டுக்குள் திரும்பி, கடைசியில் பழைய சைக்கிளும் காலி டின்னும் போடும் இடமாகிவிடுகின்றன. அடுப்பையும் மேடைக் கல்லையும் முதலில் தேர்ந்தெடுக்கிறோம். காற்று, மண், தண்ணீர் இவற்றைக் கடைசியில் நினைக்கிறோம். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டாலே பாதிக் குறை தீரும். ரயில்வேயில் பாதையும் கட்டடமும் பார்த்த அனுபவத்தில் சில குறிப்புகள் தருகிறேன்.

காற்று

கோடையில் இங்கே அனல்காற்று மேற்கு, வடமேற்கிலிருந்து வீசுகிறது. மழைக்காலக் காற்றும் பெரும்பாலும் மேற்குப் பக்கத்ததே. ஆகவே வீட்டின் கிழக்கு அல்லது தென்கிழக்குப் பக்கம் பொருத்தமானது. பெரியவர்கள் சொல்லும் அக்கினி மூலையும் அதுவே என்பதால் வீட்டில் விவாதமும் எழாது. இருந்தாலும் பக்கத்து வீட்டுச் சுவர் காற்றைத் திருப்பிவிடும். நினைத்த இடத்தில் ஒரு ஊதுபத்தி ஏற்றி, காலை, மாலை என நாலைந்து நாள் புகை போகும் திசையைப் பாருங்கள். நம் ஜன்னலுக்கோ அண்டை வீட்டார் ஜன்னலுக்கோ போனால் இடத்தை மாற்றுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து நாலைந்து அடி தள்ளியிருப்பது நல்லது. கூரை போடுவதாக இருந்தால், காலியாக விட வேண்டிய இடத்தில் கட்டலாமா என்று மாநகராட்சியில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்

இதுதான் முக்கியம். நம் பகுதியில் பல மனைகளில் இருப்பது கரிசல் மண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். இப்படிப்பட்ட மண்மேல் ரயில் பாதைக்கு நேரடியாகச் சரளைக்கல் கொட்டினால், கல் மண்ணுக்குள் புதைந்து சேறு மேலே வரும். அதனால் இடையில் நல்ல முரம் அல்லது கரடுமணலைப் பரப்புகிறோம். வீட்டுத் தளத்துக்கும் இதே வைத்தியம்தான்.

பத்தடிக்கு எட்டடித் தளம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை அடி ஆழம் கரிசலை வெட்டி அப்புறப்படுத்துங்கள். முரத்தை ஆறு அங்குலம் பரப்பி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கி, பிறகு அடுத்த அடுக்கு. இப்படி மூன்று அடுக்கு. குழியின் கொள்ளளவு 120 கன அடி. இறுக்கும்போது அளவு குறையும். ஆகவே 150 கன அடி வாங்க வேண்டும். இங்குள்ள வியாபாரிகள் கணக்கில் ஒரு பிராஸ் என்பது 100 கன அடி. ஒன்றரை பிராஸ் என்று கேளுங்கள். அதன்மேல் நாலு அங்குலம் கான்கிரீட். தளத்தை வீட்டுச் சுவரோடு எந்த இடத்திலும் இணைக்க வேண்டாம். வீடு ஆழமான அஸ்திவாரத்தில் நிற்கிறது, தளம் மேல்மண்ணில் இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி அசையாது. சேர்த்துக் கட்டினால் விரிசல் நிச்சயம்.

தண்ணீர்

தளத்துக்குப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம், வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக, இருக்கட்டும். பாத்திரம் கழுவும் நீரைத் தளத்தின் ஓரத்திலேயே விட்டால் கரிசல் உப்பித் தளத்தைத் தூக்கும். குழாய் வைத்து ஆறடியாவது தள்ளி, நாலு வாழைக்கன்றுக்கு விடுங்கள். வழியில் மூடியுடன் ஒரு சிறு தொட்டி இருந்தால் எண்ணெய்ப் பசை அதில் தங்கும். வழுவழுப்பான டைல்ஸ் வேண்டாம்.

மேடை

சமைப்பவர் உயரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். காய் நறுக்கும் மேடை அவர் முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே இருக்க வேண்டும். பலருக்கு இது 34 அங்குலத்தை ஒட்டி வரும். அடுப்பு வைக்கும் பகுதி அதைவிட ஐந்தாறு அங்குலம் தாழ்வாக இருக்கட்டும். அண்டா ஏற்றும் அடுப்புக்கு ஒன்றேகால் அடி உயரம் போதும். கொதிக்கும் அண்டாவை உயரத்திலிருந்து இறக்குவது ஆபத்து.

மேடைக்குக் கடப்பா கல் போதுமானது. ஆனால் அது சுண்ணாம்புக் கல் இனம். நேரடியாகத் தீ பட்டால் வெடிக்கும். பொங்கல் பானைக்கான விறகடுப்பைத் தளத்துக்கு வெளியே, கேஸ் சிலிண்டரிலிருந்து பத்தடியாவது தள்ளி, தனியே கட்டுங்கள். உள்பக்கம் சூளைக்கு உபயோகிக்கும் தீச்செங்கல்லும், அதற்குரிய தீக்களிமண் சாந்தும் வேண்டும். சாதாரண சிமெண்ட் சாந்து அந்தச் சூட்டில் பொடிந்துவிடும்.

கேஸ்

திறந்தவெளிதானே, கேஸ் கசிந்தாலும் பறந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாது, தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும். எனவே சிலிண்டருக்கு ஐந்தடிக்குள் சாக்கடை வாயோ, நிலத்தடித் தொட்டியோ இருக்கக் கூடாது. மேடைக்குக் கீழே கதவு போட்டுப் பூட்டினால், கதவின் அடியிலும் மேலும் காற்றுப் போகத் திறப்பு விடுங்கள்.

வெளியே இன்னொரு ஆபத்து, காற்றில் தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருப்பது. அடுப்புக்கு மூன்று பக்கமும் மேடைமேல் ஒன்றரை அடித் தடுப்புச் சுவர் அவசியம். அடுப்பு எரியும்போது யாராவது ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள சுரக்ஷா குழாயை, ஒன்றரை மீட்டருக்கு மேற்படாமல், வெயில் படாமல் பொருத்தி, ஐந்து ஆண்டுக்குள் மாற்றுங்கள். கசிவைச் சோப்பு நீரால் சோதியுங்கள். தீக்குச்சியால் ஒருபோதும் வேண்டாம். வேலை முடிந்ததும் ரெகுலேட்டரை மூடுங்கள். கசிவு ஏற்பட்டால் அழைக்க 2016 முதல் நாடு முழுவதும் 1906 என்ற எண் இருக்கிறது. அதை மேடைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

கூரை

மங்களூர் ஓடு அல்லது இரும்புத் தகடு நல்லது. கீற்றும் பிளாஸ்டிக் ஷீட்டும் அடுப்புக்கு மேல் கூடவே கூடாது. கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்று தகட்டைப் பிடுங்கும்; கொக்கி போல்ட் போட்டு முடுக்குங்கள். மின்விளக்குக்கும் மிக்ஸிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். ஈரத் தரையில் உயிரைக் காப்பது அதுதான்.

மழை ஓய்ந்து, மண் சேறாகவும் இல்லாமல் வெடிப்பாகவும் இல்லாமல் இருக்கும் நவம்பரில் வேலையைத் தொடங்குங்கள். தளம் போட்டபின் பத்து நாளாவது தண்ணீர் கட்டி வையுங்கள். மிஸ்திரி அவசரப்படுத்தினாலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மார்கழிக்குள் முடித்துவிட்டால், தைப்பொங்கல் பானையைக் கொல்லைப்புறத்திலேயே ஏற்றலாம்.