மடிக்கணினியும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியும்

தமிழக அரசு 2006-ஆம் ஆண்டில் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளையும், 2011-ஆம் ஆண்டில் மாணாக்கர்க்கு மடிக்கணினிகளையும் விலையின்றி வழங்கத் தொடங்கிற்று. ஆதலின் தூத்துக்குடிக் கடலோரத்துச் சிறு இல்லங்கள் சிலவற்றில் இவ்விரண்டும் ஒருங்கே இருக்கக் காணலாம். எனினும் இவற்றை இணைப்பது அத்துணை எளிதன்று.

மடிக்கணினியானது எச்.டி.எம்.ஐ. என்னும் பத்தொன்பது முனைகளையுடைய வாயின் வழியே படத்தையும் ஒலியையும் எண்வடிவாக வெளியிடும். பழைய பெட்டியோ மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்னும் மூன்று துளைகளின் வழியே அலைவடிவாகவே அவற்றை ஏற்கும். பாஷையே வேறாதலின் வெறுங்கம்பி பயன்படாது. மின்சாரம் பெற்று இடைநின்று மொழிபெயர்க்கும் சிறு மாற்றுப்பெட்டி ஒன்று வேண்டும். இஃதறியாது யான் முதலில் வெறுங்கம்பி வாங்கிப் பொருளிழந்தேன்.

இணைத்தபின், தொலைக்காட்சியில் ஏ.வி. என்னும் வழியைத் தெரிந்து, கணினியில் விண்டோஸ் விசையையும் பி என்னும் விசையையும் ஒருசேர அழுத்தி, டூப்ளிகேட் என்பதைக் கொள்க. ஒலி எழாவிடின் கணினியின் ஒலிவழியையும் மாற்றுக. எழுத்துக்கள் மங்கித் தோன்றும்; பாடம் படித்தற்கு உதவா. ஓடும் படத்திற்கோ பெருங்குறையில்லை. 2023 ஆகஸ்டு 5-ஆம் நாள் பவனிவந்த பனிமய மாதாவின் பொற்றேரை, தெருவிற்கு வரவியலாத எம் பாட்டியார் அப்பெட்டியிலேதான் கண்டார். மும்முறை மீட்டும் ஓட்டச் செய்தார்.