அடியிலிருந்து ஆற வேண்டிய புண்

பவுத்திர அறுவை சிகிச்சைக்குப் பின் முதன்முறையாகக் கட்டைப் பிரிக்கும்போது, உடனிருக்கும் உறவினர்கள் பலர் திடுக்கிடுகிறார்கள். காயம் தைக்கப்படாமல் திறந்தபடி இருக்கிறது. "தையல் போடவில்லையா? இப்படியேவா வீட்டுக்கு அழைத்துச் செல்வது?" என்று கேட்கிறார்கள். காயத்தைத் திறந்து விட்டிருப்பதுதான் இந்தச் சிகிச்சையின் சாரம். அதன் காரணத்தை அறிந்துகொண்டால், வீட்டில் கழியும் வாரங்களை நோயாளியும் குடும்பத்தாரும் அச்சமின்றிக் கடக்கலாம்.

ஏன் தைப்பதில்லை?

ஆசனவாயின் உட்புறத்தில் சிறு சுரப்பிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று அடைபட்டுச் சீழ் பிடித்தால் கட்டி உண்டாகிறது. அந்தச் சீழ் சதைக்குள் வழி தேடிச் சென்று, ஆசனவாய்க்கு அருகிலுள்ள தோலில் உடைந்து வெளியேறுகிறது. கட்டி உடைந்த பின்னும் உள்ளுக்கும் வெளிக்கும் இடையே குழாய் போன்ற ஒரு பாதை எஞ்சிவிடுவதுண்டு. அதுவே பவுத்திரம். வெளித்துளை சில நாள் மூடியிருக்கும். நோய் தீர்ந்தது என்று தோன்றும். பிறகு வீங்கி, வலித்து, மீண்டும் சீழ் வடியும். மூடிய தோலுக்கு அடியில் பாதை அப்படியே இருப்பதே இதற்குக் காரணம்.

பாதை ஆழமற்றதாக இருந்தால், அதன் முழு நீளத்தையும் கீறித் திறந்து விடுகிறோம். மூடிய குழாய், திறந்த வாய்க்காலாக மாறுகிறது. அந்த வாய்க்கால் அடியிலிருந்து சிறிது சிறிதாகப் புதுச்சதையால் நிரம்பி, இறுதியில் தோல் மூட வேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு ஒட்டினால் அடியில் வெற்றிடம் தங்கும். அதில் மறுபடியும் சீழ் சேரும். ஆகவே, இந்தப் புண்ணைப் பொறுத்தவரை விரைவாக மூடுவது நலமன்று. அடியிலிருந்து ஆறுவதே நலம்.

புண் ஆறும் படிகள்

முதல் சில நாட்களில் வலியும் வீக்கமும், இரத்தம் கலந்த நீர்க்கசிவும் இருக்கும். மலம் கழித்த பின் துணியில் சிறிது இரத்தம் படிவது இயல்பு. இரண்டாம் வாரத்தை ஒட்டி, காயத்தின் அடியில் செந்நிறத்தில், சிறு மணிகள் கோத்தாற்போன்ற புதுச்சதை தென்படும். தொட்டால் அது எளிதில் கசியும். பார்ப்பவர் அஞ்சினாலும், ஆறுதலின் நல்ல அடையாளம் அதுவே. அதன்மேல் மெல்லிய மஞ்சள் படலம் காணப்பட்டால், அதைச் சீழ் என்று எண்ணித் தேய்த்தெடுக்க வேண்டாம்.

சிறிய காயங்கள் பெரும்பாலும் 4 முதல் 8 வாரங்களில் ஆறிவிடும். நீண்ட அல்லது ஆழமான காயங்களுக்கு 12 வாரங்களும் அதற்கு மேலும் ஆகலாம். தோல் மூடியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தழும்பு முதலில் சிவந்தும் தடித்தும் இருக்கும். உள்ளேயுள்ள இழைகள் ஓர் ஆண்டு வரை ஒழுங்குபட்டு, தழும்பு வெளுத்து மென்மையாகும். முதிர்ந்த தழும்பும் பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை மட்டுமே எட்டும். எனவே, ஆறிய பின்னும் மலச்சிக்கலுக்கு இடந்தரலாகாது.

நூல் கட்டப்பட்டவர்களுக்கு

பாதை சுருக்குத்தசையின் பெரும்பகுதியை ஊடுருவிச் சென்றால் அதை ஒரேயடியாகக் கீற மாட்டோம். கீறினால் மலத்தை அடக்கும் திறன் குறையக்கூடும். அத்தகையோருக்கு ஒரு நூலையோ மெல்லிய ரப்பர் வளையத்தையோ பாதையில் செலுத்தி வைக்கிறோம். சீட்டன் எனப்படும் இந்த நூல், துளை மூடாமல் காத்துச் சீழை வடியச் செய்யும். சில வாரங்களோ மாதங்களோ இது இருக்கலாம். கசிவு நின்றுவிடவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கசிய வைப்பதே நூலின் பணி. வீட்டில் அதை இழுக்கவோ வெட்டவோ கூடாது. தானாக விழுந்துவிட்டால் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, நாளுக்கு இரண்டு மூன்று முறையும், மலம் கழித்த பின்னும் 10 முதல் 15 நிமிடம் அமர வேண்டும். கை பொறுக்கும் சூடு போதும். வெறும் நீரே போதுமானது. கிருமிநாசினி கலந்தால் புதுச்சதை எரிச்சலுறும். பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அதன்மேல் சுத்தமான காஸ் துணியோ நாப்கினோ வைத்துக்கொண்டால் ஆடை கறைபடாது. மஞ்சள்தூள், எண்ணெய், பவுடர், கடையில் கேட்டு வாங்கிய களிம்பு ஆகிய எதையும் காயத்தில் இடவேண்டாம்.

நோயாளி தம் காயத்தைத் தாமே பார்க்க இயலாது. இங்கேதான் உடனிருப்பவரின் துணை தேவைப்படுகிறது. இருநாளுக்கு ஒருமுறை காயத்தைப் பார்த்து, அடி நிரம்பாமல் மேல் விளிம்புகள் மட்டும் ஒட்டிக்கொள்கின்றனவா என்று கவனியுங்கள். ஐயமிருந்தால் அடுத்த தேதி வரும்வரை காத்திராமல் அழைத்து வாருங்கள். அவ்விளிம்புகளைப் பிரித்துவிடுவது எங்களுக்குச் சில நிமிட வேலை.

உணவில் நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து இருக்கட்டும். கீரை, வாழைத்தண்டு, அவரை, சுண்டல், கொய்யா, கேழ்வரகு, கம்பு ஆகியவை நம் சமையலறையிலேயே கிடைப்பவை. இசப்கோல் பரிந்துரைக்கப்பட்டிருந்தால் நிறையத் தண்ணீருடன் அருந்துங்கள். இதய நோயும் சிறுநீரக நோயும் உள்ளவர்கள் தண்ணீரின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். வலிக்குப் பயந்து மலத்தை அடக்குவது பெருந்தவறு. இறுகிய மலம் வலியை இரட்டிப்பாக்கும். முக்கவும் வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பதும், புகைபிடிப்போர் அதை நிறுத்துவதும் புண் ஆறப் பெரிதும் உதவும்.

வீட்டுக்குள் நடப்பது நல்லது. எடை தூக்குவதையும் இருசக்கர வாகனத்தில் நெடுந்தூரம் செல்வதையும், குளத்திலும் கிணற்றிலும் நீந்துவதையும் மருத்துவர் கூறும்வரை தவிர்க்க வேண்டும்.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

• 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேற்பட்ட காய்ச்சல், குளிர் நடுக்கம்
• அழுத்திப் பிடித்தும் நில்லாத இரத்தப்போக்கு, கட்டி கட்டியாக இரத்தம்
• நாளுக்கு நாள் குறையாமல் கூடும் வலி, புதிய வீக்கம், துர்நாற்றச் சீழ்
• சிறுநீர் கழிக்க இயலாமை
• மலத்தை அடக்க இயலாமை

தொடக்கத்தில் வாயுவை அடக்குவதில் சிறு தடுமாற்றம் சிலருக்கு ஏற்படும்; அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

வெட்கம் வேண்டாம்

மறுபரிசோதனைக்கு வராமல் நின்றுவிடுவோரில் பலருக்கு வலியோ செலவோ காரணமன்று; வெட்கமே காரணம். இந்நோய் எவரையும் விட்டதில்லை. பிரான்சின் மன்னர் பதினான்காம் லூயிக்கு 1686-இல் பவுத்திர அறுவை செய்யப்பட்டது. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1841-இல், மயக்க மருந்து புழக்கத்துக்கு வருமுன்பே, இதே அறுவையைத் தாங்கினார். அவருக்கு அறுவை செய்த பிரெடரிக் சாமன், பவுத்திரத்தால் அவதியுற்ற ஏழைகளுக்காகவே 1835-இல் லண்டனில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கியவர்.

இந்தக் காயத்தை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். எங்களுக்கு இது கையில் பட்ட காயத்தைப் போன்றதே. கசிவு நின்றுவிட்டது, வலி இல்லை என்பதற்காக வருகையை நிறுத்திவிடாதீர்கள். அடிவரை ஆறிவிட்டது என்பதை நாங்கள் பார்த்து உறுதி செய்யும் நாளே சிகிச்சை முடியும் நாள். ஆறிய சில மாதங்களுக்குப் பின் அதே இடத்தில் ஈரமோ வீக்கமோ தோன்றினால், தயங்காமல் மீண்டும் வாருங்கள்.